வாயாடி வாசித்த அட்டவணை

மார்ச் 2

என் செல்லத் தம்பிக்கு,

பார்வை போன கண்ணைத் தவிர மற்றதெல்லாம் நலம். இதைப் போனில் வாயால் சொல்லித்தான் எழுதுகிறேன். நீ வந்து கணினியைச் சரிசெய்து, அலுவலகத்தின் ஊழியர் பக்கத்துக்குக் கடவுச்சொல்லும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாயே, அன்றிலிருந்து அந்தத் திரைவாசிப்பானோடு மல்லுக்கட்டுகிறேன். அதற்கு வாயாடி என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தைத் திறந்தால் மேலே இருப்பது, ஓரத்தில் இருப்பது, யாருக்கும் வேண்டாதது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறது. கன்ட்ரோல் விசையைத் தட்டினால்தான் வாயை மூடுகிறது.

இருபத்திரண்டு வருடம் குடிநீர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள் நான். இப்போது அந்த விசைகளே என்னை யாரோ போல நடத்துகின்றன. நேற்று என் பெயரைத் தட்டினேன். ஓர் எழுத்துகூட ஏறவில்லை. 'தலைப்பு' என்றது, 'பொத்தான்' என்றது, 'அட்டவணை' என்றது. பக்கத்தில் எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை.

எட்டாம் தேதிக்குள் 'பணியில் தொடர விருப்பம்' என்ற படிவத்தை நானே அனுப்ப வேண்டும். இருபதாம் தேதி ஐந்து அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து, பொதுமக்களின் மூன்று புகார்களுக்கு நானே பதில் ஏற்றிக் காட்ட வேண்டும். முடிந்தால் என் நாற்காலி எனக்கு. முடியாவிட்டால் வீடுதான். வீட்டில் உட்கார்ந்து நான் என்ன செய்வேன், நீயே சொல்.

குழம்பிப்போய்க் கிடக்கும்,
அக்கா

மார்ச் 3

அன்பு அக்கா,

உன் பெயர் ஏறாததற்கு நீ காரணமில்லை. வாயாடிக்கு இரண்டு நிலை உண்டு. உலாவும் நிலையில் எந்த எழுத்தைத் தட்டினாலும் அது எழுதாது, தாவும். எச் தட்டினால் அடுத்த தலைப்பு, கே தட்டினால் இணைப்பு, பி என்றால் பொத்தான், டி என்றால் அட்டவணை. எழுத வேண்டுமென்றால் ஈ தட்டி எழுதும் பெட்டிக்குப் போய் என்டர் தட்டு. ஒரு சத்தம் கேட்கும். அதன்பிறகு நீ தட்டுவது எழுத்தாக விழும். வெளியே வர எஸ்கேப்.

ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. பொத்தான்மேல் நிற்கும்போது ஸ்பேஸைத் தட்டினால் அது அமுங்கிவிடும்.

திரையை அணைத்துவிட்டு நானும் முயன்று பார்த்தேன். கால் மணி நேரத்தில் தலை சுற்றிவிட்டது. உனக்கு எதற்கு அக்கா இந்தப் பாடு? இங்கே மாடியில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. என் மனைவியும் வாய்க்கு வாய் கேட்கிறாள், "அக்கா எப்பதான் நம்மகூட வந்து இருப்பாங்க?"

உன் தம்பி

மார்ச் 7

தம்பி,

நேற்று படிவத்தை அனுப்பினேன். ஈ, என்டர், சத்தம், பெயர், எஸ்கேப், எல்லாம் நீ சொன்ன மாதிரியே. 'அனுப்பப்பட்டது' என்று வாயாடி சொன்னதும் எழுந்துபோய் ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

இன்று காலை தலைமை எழுத்தர் போன் செய்தார். "என்னம்மா, வேலையில தொடரணும்னு ஒண்ணு வந்திருக்கு, விருப்ப ஓய்வு வேணும்னு ஒண்ணு வந்திருக்கு. நான் எதை எடுத்துக்கிறது?"

"ஓய்வு நான் கேக்கவே இல்லையே சார்."

"உங்க கணக்குலேருந்துதான் வந்திருக்கு. கொஞ்சம் பாத்துத் தட்டியிருக்கக் கூடாதா?" என்று கேட்டவர், கேட்டபிறகு தானே சங்கடப்பட்டுப் போனை வைத்துவிட்டார்.

எங்கே தட்டினேன், எப்போது தட்டினேன், ஒன்றும் பிடிபடவில்லை. பொத்தான்மேல் நிற்பது தெரியாமல் ஸ்பேஸைத் தட்டிவிட்டேனோ? அப்படியென்றால் நான் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவள் என்றுதானே ஆகிறது? அழுகை அழுகையாக வருகிறது.

அக்கா

மார்ச் 8

அக்கா,

அழாதே. கை தவறியிருக்கும். யாருக்கும் நடப்பதுதான். அதையே போட்டுக் கிளறிக்கொண்டிருக்காதே, அப்படியே விட்டுவிடு. நல்லதுக்குத்தானோ என்னவோ. அந்த ஐந்து பேர் முன்னால் நீ தடுமாறுவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மாதக் கடைசியில் வந்து உன்னை அழைத்துக்கொண்டு வருகிறேன். சாமான்களை என்ன செய்வது என்று யோசித்து வை.

தம்பி

மார்ச் 12

தம்பி,

சாமான்களைப் பற்றி யோசிக்கவில்லை. நான்கு நாளாக அந்த ஊழியர் பக்கத்திலேயே கிடந்தேன். எங்கே கை தவறியது என்று தெரிந்தால் இருபதாம் தேதி அதே தப்பைச் செய்யாமல் இருக்கலாமே என்றுதான்.

ஓய்வுப் பொத்தானைத் தேடி பி, பி, பி என்று தட்டிக்கொண்டே போனேன். என் படிவம் இருந்த பக்கத்தில் அது இல்லவே இல்லை. அதற்கு வேறொரு பக்கம். அங்கே காரணம் எழுத வேண்டும், இரண்டு இடத்தில் குறி போட வேண்டும், 'உறுதியா?' என்று கேட்டால் ஆம் சொல்ல வேண்டும். ஒரே ஒரு ஸ்பேஸில் இத்தனையும் நடக்குமா? குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அப்புறம் டி தட்டினேன். 'நீங்கள் அனுப்பியவை' என்று ஓர் அட்டவணை வந்தது. கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறியால் கட்டம் கட்டமாக நகர்ந்தேன். பணியில் தொடர விருப்பம், ஆறாம் தேதி. ஒரு வரிசை கீழே இறங்கினேன். விருப்ப ஓய்வு, நான்காம் தேதி, காலை பதினொன்றே கால். காரணம்: பார்வை இழந்த நிலையில் பணியைத் தொடர இயலவில்லை.

நான்காம் தேதி காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் நான் கண் மருத்துவமனையில் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கடவுச்சொல் எனக்குத் தெரியும், அதைப் போட்டுக் கொடுத்த உனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

வாயாடி தப்பாக வாசிக்கிறது என்று நினைத்து ஏழு தடவை வாசிக்க வைத்தேன். மாற்றிச் சொல்லவே இல்லை. நீ ஒரு தடவை சொல்லிவிடேன்.

அக்கா

மார்ச் 14

அக்கா,

நான்தான்.

நீ அந்த இரண்டு நிலையிலேயே சிக்கித் திணறுவாய், எட்டாம் தேதி தானாகத் தாண்டிப் போய்விடும், நான் உன் பெயரில் போட்ட ஓய்வு மட்டும் நிற்கும், இங்கே வந்துவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். ஆறாம் தேதியே அனுப்பிவிடுவாய் என்று நினைக்கவில்லை. திரையை அணைத்துப் பார்த்த அன்று தலை சுற்றியது என்று எழுதினேன். உண்மையில் அழுதேன். அந்தக் கால் மணி நேரம்தான் இனி உன் வாழ்நாள் முழுக்க என்று தோன்றிவிட்டது.

நான் செய்தது பாசமா அக்கிரமமா என்று எனக்கே புரியவில்லை. தலைமை எழுத்தரிடம் நானே பேசட்டுமா?

தம்பி

மார்ச் 21

தம்பிக்கு,

பேச வேண்டாம். ஓய்வைத் திரும்பப் பெறும் பொத்தானை நானே தேடிப்பிடித்து அமுக்கிவிட்டேன். கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன்.

நேற்று ஐந்து பேர் முன்னால் உட்கார்ந்தேன். முதல் புகார் ஒழுகும் குழாய், இரண்டாவது கலங்கிய தண்ணீர். இரண்டுக்கும் பதில் ஏறிவிட்டது. மூன்றாவதில் நிலை மாற்ற மறந்து தட்டினேன். அது பாட்டுக்கு எங்கெங்கோ தாவி, நேரம் முடிந்துவிட்டது. "மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். அதுவரைக்கும் உங்க சீட்லயே இருங்க" என்றார் ஓர் அதிகாரி. இதற்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமலே வீடு வந்து சேர்ந்தேன்.

உன்மேல் கோபம் இருக்கிறது. நிறையவே இருக்கிறது. வேலையைப் பறிக்கப் பார்த்ததைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். என் கையை நானே நம்பாமல் நாள் கணக்கில் அழுதேன், தெரிந்தும் நீ 'கை தவறியிருக்கும்' என்று எழுதினாய். அதுதான் ஆறவில்லை. கண் போனபிறகு எனக்கு மிச்சம் இருந்தது இந்தக் கைதான்டா.

மாதக் கடைசியில் வா. உன்னைப் பார்க்காமல் எனக்கும் இருக்க முடியாது. நாலு நாள் தங்கு, சாப்பிடு, பேசு. என் கணினியை மட்டும் தொடாதே.

உன் அக்கா