ஒரு குவளைத் தீவனம்

ட்ரெகரான்,
செப்டம்பர் 14.

அன்பு மகள் நெரிஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நலம். கனடாவில் நீயும் நலமாக இருக்க வேண்டும். போனில் உன் குதிரை தெலின் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய். கடிதத்தையாவது கடைசி வரை படி.

மழை விட்டபாடில்லை. இரண்டாம் முறை அறுத்த புல் வயலிலேயே கறுத்துப்போயிற்று. என் முழங்காலும் வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறது.

தெலின் நேற்று லாயத்தை விட்டுத் தானாகவே வெளியே வந்தாள். குளம்பில் இப்போது சூடு இல்லை. கல் தரையில் கால் வைக்க மட்டும் பயப்படுகிறாள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இனி அவள் மேல் யாரும் ஏற முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

உன் சிநேகிதி ஷான் வந்திருந்தாள். மாதக் கடைசியில் வண்டி கொண்டுவந்து தெலினைத் தன் பண்ணைக்கு ஏற்றிப்போகிறாளாம். நீதான் சொன்னாயாம். குதிரை உன்னுடையது, நியாயமும் உன் பக்கம்தான். தண்ணீர் குடித்தாலே சதை போடும் உடம்பு இவளுக்கு என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாய். மேய விட்டால் அதிகம் தின்னாதபடி வாய்க்கூடை, உலர்புல்லை ஊறவைத்துச் சர்க்கரையை வடித்துக் கொடுப்பது, கூடவே சத்துத் தீவனம் ஒரே ஒரு குவளை. அப்பா அந்தக் குவளையைப் பார்த்து, "இது குதிரைக்கா, கோழிக்கா?" என்றார். நீகூடச் சிரித்தாய்.

ஊர் வாய்தான் கெடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டு வந்த பக்கத்துப் பண்ணைக்காரர் நம் வேலியில் சாய்ந்துகொண்டு அப்பாவிடம், "என்னப்பா இட்வால், மக போனதும் குதிரையப் பட்டினி போட்டுட்டியா? வாயில கூடை வேற!" என்று கேட்டார். நம் ஊர்க் குதிரைக் கண்காட்சி உனக்குத் தெரியாததா? குதிரையின் முதுகில் தண்ணீர் ஊற்றினால் நடுவில் வாய்க்கால் ஓட வேண்டும், அவ்வளவு சதை போட்டிருக்க வேண்டும். விலா தெரிந்தால் நடுவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அன்றே கூடை ஆணியில் ஏறியது. குவளை ஒன்று நாலாயிற்று. அதற்கு மேல் ஓட்ஸ், வெல்லப்பாகு கலந்த தீவனம். நான் வேண்டாம் என்றதற்கு அப்பா, "உனக்கு அடுப்பு தெரியும், எனக்குக் குதிரை தெரியும்" என்றார். பரிசு நாடாவை உனக்கு அனுப்பி அசத்த வேண்டும் என்ற ஆசை அவருக்கு.

இரண்டாம் பரிசு கிடைத்தது. அந்த வாரமே, தின்ற சர்க்கரையெல்லாம் குளம்பைத் தாக்கி, தெலின் முன்னங்காலை ஊன்ற முடியாமல் நின்றாள். குளம்புக்குள் எலும்பு திரும்பியிருப்பதை மருத்துவர் எக்ஸ்-ரே படத்தில் காட்டியபோது, சாவு வீட்டில் நிற்பதுபோல் அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டார். பாவி மனுஷன், அன்பால் அல்லவா கெடுத்துவிட்டார்!

இப்போது மூக்குக்கண்ணாடி போடாமல் தீவனக் கடைக்குப் போவதில்லை. மூட்டை மூட்டையாகத் திருப்பி எழுத்தைப் படிக்கிறார். "என்ன இட்வால், பைபிள் வாசிக்கிறியா?" என்று கடைக்காரர் கிண்டல் செய்தார். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "சர்க்கரை கம்மியா, தாதுச் சத்து முழுசா இருக்கறது எது, அத மட்டும் சொல்லு" என்றார்.

ஒன்று உனக்குத் தெரியாது, நெரிஸ். "அவர் இனிமே என் குதிரையத் தொடவே கூடாதும்மா" என்று நீ போனில் கத்தினாயே, அப்போது அவர் என் பக்கத்திலேயே நின்றிருந்தார். நீ சொன்னது எல்லாம் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவர் தெலினைத் தொடவில்லை. உலர்புல்லை ஊறவைக்கிறார், அந்த ஒரு குவளையைத் தலைதட்டி அளக்கிறார், வாளியைக் கதவோரம் வைத்துவிட்டு, "கட்ரின், நீ போய் வை" என்கிறார். அவள் கதவுக்கு மேல் தலையை நீட்டி அவரைப் பார்த்துக் கனைக்கிறாள். அவர் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வண்டி வருவதைச் சொன்னேன். "அனுப்பிடு. அவ செய்யறதுதான் சரி" என்றார்.

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வண்டியை நிறுத்து, மகளே. அது முடியாது என்றால், வண்டி வருவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு, ஒரு தடவை தொட்டுக்கொள்ளலாம் என்றாவது சொல்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. கடவுள் உன்னைக் காக்கட்டும்.

என்றும் உன்
அம்மா