வெந்நீரில் காணாமல் போன பை

மார்ச் 4, செவ்வாய்

மருமகள் என் சமையலறையைப் பிடித்துக்கொண்டு இன்றோடு நாற்பது நாள். கடல்பாசியைக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, காய்ந்ததும் உரித்தால் பிளாஸ்டிக் மாதிரி ஒரு தாள் வருகிறது. அதில் பை செய்கிறாள். மண்ணில் மக்கிவிடுமாம். மக்கட்டும். நான் கழுவி, உலர்த்தி, மடித்து வைத்திருந்த நூற்று நாற்பத்து மூன்று கவரையும் குப்பையில் கொட்டியவள்தானே. ஐந்து வருடம் முன்பு, புதன்கிழமை, காலை பத்தேகால். அன்றிலிருந்து என் அலமாரிக்குப் பூட்டு.

மார்ச் 9

ஈரம் பட்டால் பிசுபிசுக்கிறது என்று ரொட்டிக் கடைக்காரரும் பையைத் திருப்பிவிட்டார். இவர் மூன்றாவது ஆள். வெள்ளிக்கிழமை பை பார்க்க வருகிறவரும் வேண்டாமென்றால் பழைய ஆபீசுக்கே போய்விடுவாளாம், மகன் சொன்னான். அவளுக்கு இரண்டு வாய்தான் இறங்கியது. நான் கவனிக்கவில்லை. கவனித்தேன்.

மார்ச் 13

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன். மேசைமேல் பை ஒன்று அழுக்காகக் கிடந்தது. கை சும்மா இருக்குமா? வெந்நீர் வாளியில் போட்டேன். திரும்பினால் பை இல்லை, தண்ணீர்தான் கொழகொழவென்று. நாளைக்குக் காட்ட இருந்ததே அது ஒன்றுதான்.

நானே போய்ச் சொன்னேன். அவள் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் தேவலை. பயத்தில் என் வாய் ஓடியது: “அந்தக் காலத்துல ஆஸ்பத்திரித் துணி துவைச்சேனே, அப்ப இப்படிக் கரையுற பை இருந்திருந்தா அந்த ரத்தத்தையும் பீயையும் கையால தொட்டிருப்பேனா? மூட்டையோட மெஷின்ல தள்ளியிருப்பேன். கையுறை கேட்டதுக்குச் சிரிச்சானே அந்த சூப்பர்வைசர், அவன் பல்லு...”

“பல்லு இருக்கட்டும் அத்தை. மூட்டையோடன்னீங்களே, அதைத் திரும்பச் சொல்லுங்க.”

மார்ச் 14

வந்தவருக்கு வாளியைக் காட்டினாள். சிரித்துவிட்டுப் போனார். அவர் முகத்தையும் குறித்துக்கொண்டேன். ஆனால் இவள் ஆபீசுக்குப் போகவில்லை, அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஏப்ரல் 3

புதுப் பை பச்சைத் தண்ணீரில் அரை நாள் கிடந்தும் அப்படியே இருந்தது. வெந்நீர் ஊற்றினோம், காணோம். ஊற்றியது நான்.

ஏப்ரல் 22

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு என்னையும் கூட்டிப்போனாள். எங்கள் பையில் கட்டிய அழுக்குத் துணி மூட்டையை அப்படியே மெஷினில் போட்டார்கள். வெளியே வந்தது வெறும் துணி. அங்கே துவைக்கிற பெண் தன் இரண்டு கையையும் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். மாதம் இரண்டாயிரம் பை கேட்டிருக்கிறார்கள்.

மே 2

வேலையைப் புது ஷெட்டுக்கு மாற்றிவிட்டாள். சமையலறை மறுபடி என் கையில். அங்கே செய்த முதல் பையை நாலாய் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“இதையாவது கழுவாம வையுங்க அத்தை.”

அலமாரியில் வைத்தேன். நூற்று நாற்பத்து மூன்றும் நினைவிருக்கிறது. பூட்டத்தான் மறந்துவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.