நான்காம் அத்தியாயத்தில் ஒரு பெயர்

விழுப்புரம்
4.6.2013

அன்புள்ள துர்கா,

பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. வகுப்பில் கத்திக் கத்திக் கெட்டுப்போகும் உன் தொண்டையைப் பார்த்துக்கொள். வெந்நீர் குடி.

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் பழைய ஆய்வேடுகளை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. மரக்காணத்து மீன்காரப் பெண்களைப் பற்றி 1996இல் நீ எழுதியதும் ஏறிவிட்டது. 'மரக்காணம்' என்று தட்டினால் உன் பெயர்தான் முதலில் வருகிறது. பதினோரு நாளில் பதினேழு பேர் திறந்து பார்த்திருக்கிறார்கள்! எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

உன்னிடம் முதலிலேயே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போயிற்று. மையில் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டுமாம், அதனால்தான் தபால். சீக்கிரம் அனுப்பிவிடு.

அன்புடன்,
இசைவாணி


திண்டிவனம்
8.6.2013

இசை,

படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. உடனே அதை இறக்கு.

நான்காம் அத்தியாயத்தைப் படித்தாயா? புருஷன் கடலில் செத்துப்போனபிறகு பூமாலை அக்காவை அவள் கொழுந்தன் தாண்டவராயன் அடித்துத் துரத்தியது, வீட்டைப் பிடுங்கிக்கொண்டது, கைக்குழந்தையோடு அவள் மீன்கூடை தூக்கியது எல்லாம் உண்மைப் பெயர்களோடு இருக்கிறது. பெயரை மாற்ற வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. தன் கதையைச் சொல்லத் தயங்கிய அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இது காலேஜு அலமாரியிலதான்க்கா இருக்கும், யாரும் எடுத்துப் படிக்க மாட்டாங்க" என்று வாக்குக் கொடுத்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதை நீ உடைத்துவிட்டாய். இப்போது குப்பத்தில் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது.

போன் செய்யாதே. எடுக்க மாட்டேன்.

துர்கா


விழுப்புரம்
12.6.2013

அன்புள்ள துர்கா,

உன் கடிதம் கிடைத்த அன்றே இறக்கிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். அட்டையைப் பார்த்தேன், பொருளடக்கத்தைப் பார்த்தேன், பக்கம் விட்டுப்போயிருக்கிறதா என்று எண்ணினேன். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று தோன்றவே இல்லை. பதினேழு பேர் என்று பெருமையடித்ததை நினைத்தால் இப்போது கூசுகிறது.

எங்கள் நூலகர் தேவநாதன் சார், "ஒருத்தருக்கு இறக்கினா நூறு பேரு வந்து நிப்பாங்கம்மா" என்கிறார். அவரிடம் கெஞ்சி இரண்டு மாதம் அவகாசம் வாங்கியிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்தாலும் சரி. மூடு என்கிறாய் நீ. திற என்கிறார் அவர். பூமாலை அக்காவை இதுவரை யாரும் கேட்கவில்லை. இந்தப் பதினேழு வருஷத்தில் நீ அவளை ஒருமுறையாவது போய்ப் பார்த்தாயா?

அவள் மூடச் சொன்னால், என் வேலையே போனாலும் நான் திறக்க மாட்டேன்.

இசை


திண்டிவனம்
22.7.2013

இசை,

நீ கேட்டது சுட்டது. ஆறு வாரம் உன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் என்மேல்தான். பட்டம் வாங்கிய பிறகு அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்க்கவே இல்லை.

நேற்று போனேன். பூமாலை அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது. என் குரலை வைத்தே கண்டுபிடித்து, "நோட்டுப் புக்கு வச்சிக்கினு சுத்துமே, அந்தப் பொண்ணா?" என்றாள். விஷயத்தைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, அத்தியாயம் முழுவதையும் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னாள். அழப்போகிறாள் என்று பயந்தேன்.

"தெனம் பத்து கிலோமீட்டரு நடந்தேன்னு எழுதிக்கிற. அது பொய்யி. பாதி நாளு மல்லாட்டை மூட்டை ஏத்தின லாரியில ஏறிப்பேன்."

மீதியையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "எம்பேரு இருந்துக்கினு போவட்டும். நான் பட்டது நெசம்தான? எம்புள்ளைக்கும் எல்லாம் தெரியும். தாண்டவராயன் பேர மட்டும் எடுத்துடு. அவன் செத்து ஆறு வருசமாவுது. அவன் பொண்ணு ருக்குதான் என்னைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போய் வர்றா. ஒரு நாளு வேலையை உட்டுட்டு வர்றா. நாளைக்கு அவ புள்ளைங்களை யாரும் ஒரு சொல்லு சொல்லிடக் கூடாது."

அடித்தவனின் பெயரைக் காப்பாற்றச் சொல்வாள் என்று நான் நினைக்கவே இல்லை. செய்ய முடியுமா இசை?

துர்கா


விழுப்புரம்
19.8.2013

அன்புள்ள துர்கா,

முடிந்துவிட்டது. பட்டம் வழங்கிய ஆய்வேட்டில் ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது என்று கமிட்டியில் பெரிய சண்டை. உன் கடிதத்தை எடுத்து உரக்கப் படித்தேன். வேர்க்கடலை லாரி வந்த இடத்தில் தேவநாதன் சார் சிரித்தார். கடைசியில் அவரே, "அந்தம்மா சொன்ன மாதிரியே பண்ணிடுங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

அசல் ஸ்கேன் பிரதி வெளியார் திறக்க முடியாதபடி எங்களிடம் இருக்கும். அலமாரிப் பிரதியையும் கேட்டவுடன் கொடுக்கக் கூடாதென்று உத்தரவு. நீ கையெழுத்துப் போட்டதும் இணையத்தில் ஏறப்போவதில் தாண்டவராயன் பெயர் வரும் ஒன்பது இடத்திலும் கறுப்புப் பட்டை. லாரியைப் பற்றி நீ எழுதிக்கொடுத்த திருத்தம் முகப்பில் இருக்கிறது. இனி ஒப்புதல் படிவத்தில், 'இதில் பேசியிருப்பவர்களைக் கேட்டீர்களா?' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

இந்த முறை படிவத்தில் கையெழுத்துப் போடுவாயா?

இசை


திண்டிவனம்
15.9.2013

அன்புள்ள இசை,

நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய படிவம் கிடைத்ததும் நீ ஏற்றிவிட்டதைப் பார்த்தேன்.

நேற்று கண்ணாஸ்பத்திரிக்கு வந்த பூமாலை அக்காவை ருக்கு எங்கள் பள்ளிக்கூடத்துக்கே கூட்டிவந்துவிட்டாள். "எம்பேரு பொட்டியில வருதாமே, காட்டு" என்றாள் அக்கா. கணினி அறையில் உட்காரவைத்து அத்தியாயத்தைத் திறந்தேன். நான் படிப்பதற்குள் ருக்கு தானே உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். எப்படித் தடுப்பது? முதல் கறுப்புப் பட்டை வந்ததும் நிறுத்தினாள்.

"இங்க எங்கப்பா பேருதான பெரியம்மா?"

நான் திரையை மூடக் கை நீட்டினேன்.

"ஆமா. மேல படி" என்றாள் அக்கா.

ருக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு பெரியம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்குச் சின்ன வயசுலயே தெரியும் பெரியம்மா. நீதான் வாயத் தொறக்கல."

அக்கா என் பக்கம் திரும்பி, "போம்மா, ஜல்தியா ரெண்டு டீ வாங்கிக்கினு வா" என்றாள். என்னை வெளியே அனுப்பத்தான் என்று புரிந்தது. டீயோடு திரும்பி வரும்போது வராந்தாவிலேயே இருவரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. எதற்கென்று கேட்டேன். இரண்டு பேருமே சொல்லவில்லை.

உன்,
துர்கா