பூஜ்யம் என்றால் சரி

1987 ஜூன் 9, செவ்வாய்

வெயில் தாழவே இல்லை. ஆபீசில் கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் ஏ.சி. அது மெசினுக்கு, உங்களுக்கு அல்ல என்று முதலாளி சின்னுசாமி தினமும் ஒரு தடவையாவது சொல்லிக் காட்டிவிடுகிறார்.

நேற்று ஓமலூர் மாப்பிள்ளை வீட்டார் வந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். கிளம்பும்போது அந்த அம்மாள், "ஆகட்டுங்க, சொல்லி உடறோம்" என்றார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன். எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகட்டுங்க என்பார்கள். அதில் சரியும் உண்டு, இல்லையும் உண்டு. எது என்று கேட்பவர்தான் புரிந்துகொள்ள வேண்டும். இத்தனை மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்த பிறகு எனக்கு அது நன்றாகவே புரிகிறது.

ஜூன் 11, வியாழன்

வேலுசாமி மறுபடியும் என் டீயைக் குடித்துவிட்டார். மற்ற புரோகிராம்களுக்கெல்லாம் அடியில் இருந்து கம்ப்யூட்டரை நடத்தும் கெர்னலை ஆபீசில் அவர் மட்டும்தான் தொடலாம் என்றால் டீயும் அவருடையதா?

ஜூன் 14, ஞாயிறு

ஆட்டையாம்பட்டியில் இறங்கி முறுக்கு வாங்கிக்கொண்டு வெண்ணந்தூர் போனேன். அண்ணன் அர்த்தநாரி அங்கே ஒரு சைசிங் மில்லில் பாய்லர்காரர். தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு உலர்த்த நீராவி வேண்டும். அடுப்புக்கு விறகு போடுவதும், தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியைப் பார்த்துப் பாய்லரில் தண்ணீர் குறையாமல் கவனிப்பதும் அவர் வேலை. தண்ணீர் குறைந்தால் மணி அடிக்கும் கம்ப்யூட்டர் ஒன்றைப் போன மாதம் எங்கள் கம்பெனி அங்கே வைத்துக் கொடுத்தது. மணி அடிக்கும் புரோகிராம் நான் எழுதியது. மில்லின் நூல் கணக்கும் அதே கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது. கணக்குக்குத் தனியாக ஒன்று வாங்க மில்காரருக்கு மனசு வரவில்லை.

அண்ணன் என்னைச் சாரதா என்று கூப்பிடுவதே இல்லை, மணி என்றுதான் கூப்பிடுவார். மில்லில் எல்லாரிடமும், "ஊட்டுல ஒரு மணி, மில்லுல ஒரு மணி. ரெண்டும் வாய மூடாது" என்று சொல்லிச் சிரிக்கிறாராம். நங்கை ராமாத்தாள் சொன்னாள். அண்ணன் பெண்டாட்டியே தவிர எனக்கு அவள் கூடப்பிறந்தவள் மாதிரிதான்.

சாப்பிடும்போது இன்னொன்றும் சொன்னாள். அண்ணனோடு பாய்லர் பார்த்த இரண்டாவது ஆளை மில்காரர் நிறுத்திவிட்டாராம். "மெசினு வந்துருச்சல்லங்க, அப்பறம் எதுக்குங்க ரெண்டு பேரு" என்று கேட்டாராம். இதற்காகவா நான் அதை எழுதினேன்? பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

ஜூன் 17, புதன்

பேனாவை அழுத்தி எழுதித் தாள் கிழிந்துவிட்டது. கோபத்தில்தான்.

அண்ணன் ஒற்றை ஆள் என்றானதிலிருந்து மனசு சரியில்லை. அதனால் மணி புரோகிராமை ஆபீஸ் கம்ப்யூட்டரில் மறுபடி சோதித்துப் பார்த்தேன். இந்தத் தடவை கூடவே ஒரு பெரிய கணக்கையும் ஓட விட்டேன். தண்ணீர் குறைந்துவிட்டது என்று சொல்லும் ஸ்விட்சைத் தட்டினேன். மணி அடிக்கவில்லை. நின்று பார்த்தேன், உட்கார்ந்து பார்த்தேன். ஒரு டீயை ஆற்றிக் குடிக்கும் நேரம் போனபிறகு அடித்தது.

எனக்கே தெளிவாக வேண்டும் என்று எழுதுகிறேன். மெமரியில் இடம் போதாவிட்டால், சும்மா காத்திருக்கும் புரோகிராமைக் கெர்னல் தூக்கி டிஸ்கில் போட்டுவிடும். பிறகு சாவகாசமாகத் திரும்ப ஏற்றும். மணி புரோகிராமுக்கு அப்படி நடக்கக் கூடாது. ஆகவே அது தொடங்கியதும் முதல் வேலையாகக் கெர்னலிடம், என்னை மெமரியிலேயே பூட்டி வை என்று கேட்கும். கெர்னல் பூஜ்யம் கொடுத்தால் சரி, பூட்டியாயிற்று என்று பொருள். வேறு எண் கொடுத்தால் முடியாது என்று பொருள். வேறு எண் வந்தால் என் புரோகிராம் ஓடாமல் நின்று கத்தும். அப்படித்தான் எழுதியிருந்தேன். வந்தது பூஜ்யம்தான்.

பிறகு கெர்னலில் மெமரியைக் கவனிக்கும் பகுதியைத் திறந்து படித்தேன். பூட்டும் வசதியை வேலுசாமி கெர்னலைக் கம்பைல் செய்து உருவாக்கும்போதே அணைத்து வைத்திருக்கிறார். அதில் தப்பில்லை. இருப்பதே சின்ன மெமரி, அதில் கெர்னல் பெருத்துவிட்டால் மற்றதற்கு இடமிருக்காது. ஆனால் அந்த வசதி இருந்த இடத்தில், அதே பெயரில் வெறும் கூடாக ஒரு ஃபங்ஷனை வைத்திருக்கிறார். உள்ளே ஒரே வரி: பூஜ்யத்தைத் திருப்பிக் கொடு.

பூட்டே கிடையாது. பூட்டச் சொன்னால் ஆகட்டுங்க என்கிறது!

ஜூன் 18, வியாழன்

வேலுசாமியிடம் சண்டை. அவர் அசரவில்லை.

"மொதல்ல இல்லேனுதானுங்க சொல்ல வெச்சேன். அதக் கேக்கற புரோகிராமெல்லாம் ஒவ்வொண்ணா நின்னுக்குச்சு. சேந்தமங்கலம் ஜவ்வரிசி ஆலைக்காரரு போன்ல வாய்க்கு வந்தபடி வைஞ்சாரு. அதான் சரினு சொல்ல உட்டுட்டேன். இப்ப யாரும் வையறதில்லீங்க."

"வையறாங்கன்னு பொய் சொல்ல வெப்பீங்களா?"

"பொய் இல்லீங்க. மரியாதை" என்று சிரித்தார்.

அணைத்து வைத்த எல்லாவற்றையும் நான் குறை சொல்லவில்லை. மெமரிக்குள் எத்தனை பக்கம் வந்தது, எத்தனை போனது என்று சும்மா எண்ணிக்கொண்டிருக்கும் வசதியை அணைத்துவிட்டுப் பூஜ்யம் சொன்னால் யாருக்கும் கெடுதல் இல்லை. கேட்பவன் நம்பி நிற்கிற விஷயத்தில் அப்படிச் சொல்லலாமா? பூட்டும் வசதி இல்லாத கெர்னலில், அதைக் கேட்கும் புரோகிராம் கம்பைலே ஆகாமல் முறைத்துக்கொண்டு நின்றாலும் தேவலை. இல்லாவிட்டால் கேட்ட இடத்திலாவது இல்லை என்று சொல்ல வேண்டும்.

முதலாளி முழுக்கக் கேட்டார். "ஆகட்டும் சாரதா, மாத்திரலாம்" என்றார். எப்போது என்றேன். "மாசக் கடைசி போகட்டும். மில்காரரு கணக்கு முடிக்கோணுமல்ல, இப்ப மெசின நிறுத்த உடமாட்டாரு." அந்த மாதக் கடைசிக் கணக்கு ஓடும்போதுதான் மெமரி நிரம்பும், ஆபத்தே அன்றைக்குத்தான் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். பிறகு ஏ.சி.யின் சத்தம் அதிகமாக இருக்கிறது என்றார்.

ஜூன் 21, ஞாயிறு

இவர்கள் யாரும் வேண்டாம், அண்ணனிடம் நேராகச் சொல்லிவிடுவது என்று வெண்ணந்தூர் போனேன். பாய்லர் பக்கத்திலேயே வைத்துச் சொன்னேன்.

"அண்ணா, மணிய நம்பாதீங்க. மாசக் கடைசில கணக்கு ஓடறப்ப லேட்டாத்தான் அடிக்கும். தண்ணிக் கண்ணாடிய அப்பப்ப எந்திரிச்சுப் போய்ப் பாத்துக்கோணும்."

"நீ செஞ்சதல்ல மணி? அது எப்படித் தப்பாவும்?"

"நாஞ் செஞ்சது சரிதானுங்கண்ணா. அதுக்கு அடியில இருக்கறது பொய் சொல்லுது."

சிரித்தார். வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "ஆகட்டும் அம்மிணி, பாத்துக்கறேன். நீ போய்ச் சாப்புடு" என்றார்.

நிம்மதியாகச் சாப்பிட்டேன். ரசம் மட்டும் இரண்டு தடவை வாங்கினேன்.

ஜூன் 26, வெள்ளி

பூட்டும் வசதியைச் சேர்த்து நானே கெர்னலைக் கம்பைல் செய்துவிட்டேன். வேலுசாமி தடுக்கவில்லை. வேறு இரண்டு வசதிகளை எடுத்துவிட்டு இடம் பண்ணியிருக்கிறேன். பெரிய கணக்கோடு ஓட்டிப் பார்த்தேன். ஸ்விட்சைத் தட்டியதும் மணி அடித்தது.

மில்காரருக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் மெசினை நிறுத்தினால் போதும், நாளைக்கே வந்து மாற்றிவிடுகிறேன் என்றேன். "ஒண்ணாந்தேதி வாங்கம்மிணி." அதுவரைக்கும் அந்த ஸ்விட்சிலிருந்து மணிக்கு நேராக ஒரு ஒயர் இழுத்துவிடச் சொல்லுங்கள், கம்ப்யூட்டரே வேண்டாம் என்றேன். "ஆகட்டுங்க" என்று போனை வைத்துவிட்டார். இழுக்க மாட்டார். எனக்குத் தெரியாதா?

பரவாயில்லை. அண்ணன் பார்த்துக்கொள்வார்.

ஜூன் 30, செவ்வாய்

மில்லிலிருந்து போன். அண்ணன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருகிறார்களாம். போகிறேன்—

ஜூலை 2, வியாழன்

தண்ணீர் இழுக்கும் பம்பில் காற்று அடைத்துக்கொண்டதாம். பாய்லரில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆபீஸ் அறையில் மாதக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மணி அடிக்கவில்லை.

தண்ணீர் வற்றினால் உருகிவிடும்படி பாய்லருக்குள் ஓர் ஈயத் திருகு உண்டு. பாய்லர் வெடிக்காமல் காப்பதற்கு. அது உருகி, நீராவி முழுக்க அடுப்புக்குள் பாய்ந்திருக்கிறது. அண்ணன் விறகு போட அடுப்புக் கதவைத் திறந்து வைத்து நின்றிருந்தார். முகம், நெஞ்சு, இரண்டு கைகள்.

அதுக்கப்பறம் மணி அடிச்சுதாம். மணிச் சத்தம் கேட்டுத்தான் எல்லாரும் ஓடி வந்தாங்களாம். அப்பறம் அடிச்சு என்ன பிரயோசனம்? யாருக்கு அடிச்சுது? என்ன எழவுக்கு அடிச்சுது?

மத்தியானம் கொஞ்சம் நினைவு வந்தது. வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள். என் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டார்.

"மணி... அடிச்சுதா?"

"அடிச்சுதுங்கண்ணா" என்றேன்.

பொய் இல்லை. மரியாதை.

ஜூலை 5, ஞாயிறு

விடிந்ததும் அண்ணன் போய்விட்டார்.

ஜூலை 20, திங்கள்

விசாரணைக்கு அதிகாரி வந்தார். அவர் வருவதற்கு முன்பே முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார், அதை மறைக்க மாட்டேன். "மெசினு சரியாத்தான் இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லீரு சாரதா. மணி அடிச்சுதல்ல? போன உசுரு வரப்போறதில்ல. கம்பெனிய நம்பி இத்தன பேரு இருக்கறோம்."

"இல்லைங்க" என்றேன். இந்த ஆபீசில் அவரிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். இன்னொரு தடவை சொல்லு என்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூஜ்யம் என்றால் எப்படிச் சரி ஆகும் என்று கேட்டார். விளக்கினேன். மறுபடி கேட்டார், மறுபடி விளக்கினேன். பாய்லர்காரர் கண்ணாடியைப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா என்றார். ஆமாங்க என்றேன். அதை மட்டும் உடனே எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 12, புதன்

நங்கையைப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கை அள்ளிக்கொண்டேன்.

"ஏம்மிணி, மணிய நம்ப வேண்டாம்னு நீ அவருகிட்டச் சொன்னீன்னு மில்லுல பேசிக்கறாங்களே. நெசமா?"

"சொன்னனுங்க நங்கை."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஆகட்டும்னாரு."

கை நின்றது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அவரு எதுக்குத்தான் ஆகட்டும்னு சொல்லல?" என்றாள். "இந்த ஊட்டு ஓட்ட மாத்தோணும்னு நாஞ் சொல்றப்பெல்லாம் ஆகட்டும்பாரு. அப்பறம் நானேதான் ஏணி போட்டு ஏறுவேன். உன்ர அண்ணனப் பத்தி உனக்குத் தெரியாதா சாமி?"

தெரியாது. எனக்குத் தெரியவே இல்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம், முதலாளியிடம், மில்காரரிடமெல்லாம் தெரிந்தது. வேலுசாமி எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அத்தனை குதி குதித்தேன். அண்ணன் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டு போய் ரசம் குடித்தேன்.

செப்டம்பர் 29, செவ்வாய்

வேலுசாமி ஆவணியிலேயே வேலையை விட்டுவிட்டார். போகும்போது ஒரு டீயை வாங்கி வந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கெர்னல் இப்போது என் பொறுப்பு. அணைத்து வைத்தவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து, கேட்பவர் நம்பி நிற்கும் இடங்களில் இருந்த பூஜ்யத்தை எடுத்துவிட்டேன். சேந்தமங்கலத்தில் நேற்றுப் புதுக் கெர்னல் போட்டதும் இரண்டு புரோகிராம்கள் ஓடாமல் நின்றுவிட்டன. ஆலைக்காரர் போனில் பிடிபிடி என்று பிடித்தார். இல்லாததை இருக்கிறது என்று சொல்ல முடியாதுங்க என்றேன். வையட்டும்.

மாதக் கடைசி வருகிறது என்று இன்று வெண்ணந்தூர் மில்லுக்குப் போனேன். முதலில் நங்கை வீட்டுக்குப் போனேன், அவள் ஓடு மாற்ற ஏணி போட்டு மேலே ஏறியிருந்தாள். கீழே நின்று கொஞ்ச நேரம் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மில். பூட்டும் வசதியைச் சோதித்தேன், ஸ்விட்சிலிருந்து மணிக்கு இப்போது இழுத்திருக்கும் ஒயர் நேராகப் போகிறதா என்று கையால் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

பாய்லருக்கு இப்போது பச்சமுத்து என்று ஒருவர். வயசாளி, இன்னும் ஒற்றை ஆள்தான். அடுப்பு முன்னால் குந்தி விறகு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"மணி அடிக்கும்னு இருந்துராதீங்க. தண்ணிக் கண்ணாடிய நீங்களே பாத்துக்கோணும்" என்றேன்.

"ஆகட்டுங்க" என்றார்.

நான் நகரவில்லை. இன்னும் இரண்டு விறகை எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்கம்மிணி?"

"போய்ப் பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். முழங்காலைப் பிடித்தபடி அந்தப் பக்கம் போய், கரி படிந்த கண்ணாடியைத் துண்டால் துடைத்துக் குனிந்து பார்த்தார். "பாதிக்கு மேல நிக்குதுங்க" என்றார்.

அதற்கப்புறம்தான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.