அடக்கியதும் அதுதான், பரப்பியதும் அதுதான்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நீ நலமாயிருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

இப்போதெல்லாம் நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

உன் அண்ணனின் நுரையீரல் புற்றுக்கு அந்தச் சோதனை மருந்தைப் பற்றி விசாரித்துச் சொன்னது நீதான். முதலில் அது கேட்டது, அதை மறந்துவிடாதே. நுரையீரலில் இருந்த கட்டிகள் சுருங்கின. உன் அண்ணன் இருமாமல் தூங்கினார். ஒருநாள் என்னிடம் சொல்லாமலே வேலைக்குப் போய், ஏதோ ஒரு கட்டடத்தில் நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு வந்து நின்றார். திட்டித் தீர்த்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பிறகு கழுத்திலும் முன்கையிலும் சின்னச் சின்னதாய்க் கிளம்பியது. வேர்க்குரு என்றுதான் நினைத்தோம். எடுத்துப் பரிசோதித்தால், தோலில் புதிதாய் வந்த புற்று.

டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து விளக்கினார். உடம்பில் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு சமிக்ஞை உண்டாம். நல்ல செல்களிடம், போதும், இனி பெருகாதே என்று சொல்லி அடக்கிவைப்பது அதுதானாம். நோய் முற்றிய செல்களோ அந்தப் பேச்சுக்கு அடங்காமல், அதையே துணையாக்கிக்கொண்டு பரவுமாம். மருந்து அந்தச் சமிக்ஞையை உடம்பு முழுக்க அமுக்கியிருக்கிறது. நுரையீரலுக்கு அது நன்மையாயிற்று, தோலில் காவல் போயிற்று. கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் அமுக்க முடியாதா என்று கேட்டேன். அதற்குத்தான் எல்லோரும் பாடுபடுகிறோம் என்றார். வேலியே பயிரை மேய்கிறதென்று வேலியைப் பிடுங்கினோம், இப்போது ஊர் மாடெல்லாம் உள்ளே என்று உன் அண்ணன் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

மருந்தை நிறுத்திவிட்டார்கள். இருமல் திரும்பிவிட்டது. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

உன்னால்தான் இப்படி ஆனதென்று நீ மறுகுவது எனக்குத் தெரியும், தம்பி. அவருக்கும் தெரிகிறது. நடுவில் வந்த நல்ல நாளெல்லாம் அந்தப் பயல் கொடுத்தது என்று நேற்றுகூடச் சொன்னார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், சின்னவனா என்று கேட்கிறார். நான் பார்த்துவிட்டு வந்து இல்லை என்பேன்.

இனி புது மருந்து எதையும் தேடாதே. வரும்போது எதுவும் வாங்கிவரவும் வேண்டாம். நீ வந்தால் போதும். லீவு கிடைக்கட்டும் என்று காத்திருக்காதே.

தீர்க்காயுசாய் இரு, தம்பி.

இப்படிக்கு,
உன் அண்ணி