கசாயமும் தம்பியின்ரை போனும்

2009 தை, ஞாயிறு. வுப்பர்டால்.

படுத்துப் பாத்தன், நித்திரை வரேல்லை. முழங்கால் நோவுக்கெண்டு சீன டொக்டர் தந்த வேர், பட்டையளை அவிச்சு ரெண்டு கிழமையாக் குடிக்கிறன். நோ குறைஞ்சது உண்மை. ஆனா வயித்தாலை போகுது. "வயித்தைக் குழப்பினா உடனை நிப்பாட்டுங்கோ" எண்டு அந்த மனிசன் முதல் நாளே சொன்னவர். நான்தான் கேக்கேல்லை. மாடிப்படி கழுவிற வேலைக்குக் கால் வேணுமே.

இண்டைக்குப் பூசைக்கும் போகேலாமல் கக்கூசுக்கையே கிடந்தன். அப்பத்தான் போன் அடிச்சது. எழும்ப ஏலேல்லை. கனநேரம் அடிச்சு நிண்டிட்டுது. என்னைக் காணேல்லை எண்டு கோயில் ஆக்கள் தேடுகினமாக்கும் எண்டு விட்டிட்டன்.

வந்து பாத்தா, குரல் பதியிற மெஷினிலை தம்பி. வன்னியிலை சண்டை இறுகினதிலையிருந்து அங்கை நிக்கிற அவனையும் அம்மாவையும் பற்றி ஒரு தகவலும் இல்லை. எங்கையோ ஒரு போன் கிடைச்சு எடுத்திருக்கிறான். நம்பர் விழேல்லை. திருப்பி எடுக்க வழியில்லை.

"அக்கா... அக்கா, நிக்கிறியளோ?" எண்டு கேக்கிறான். பின்னாலை ஒரே இரைச்சல். கொஞ்சம் பொறுத்துப் பாத்திட்டு, பக்கத்திலை நிண்ட அம்மாவுக்குச் சொல்லுறான்: "அம்மா, அக்கா வீட்டிலை இல்லைப் போல."

மிச்சக் கசாயத்தை சிங்கிலை ஊத்திப்போட்டன். குசினியிலை அந்த மணம் இன்னும் போகேல்லை. முழங்கால் இண்டைக்குத் துப்பரவா நோகேல்லை. மெஷினைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்கிறன்.

நான் வீட்டிலைதான் அம்மா இருந்தனான்.