ஒரு மாத நோட்டீஸ்

ஆனையூர், மதுரை
மார்கழி 18, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் அஸ்வினிக்கு அப்பாவின் ஆசிகள்.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நெதர்லாந்தில் இந்த வருஷம் குளிர் அதிகம் என்றும், நீ சளி பிடித்துக் கிடந்தாய் என்றும் அம்மா சொன்னாள். கஷாயம் வைத்துக் குடித்தாயா? நீ கூப்பிடும்போதெல்லாம் நான் மாடியில் இருப்பதாக அவள் உன்னிடம் சொல்கிறாள். மாடியில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது என்பது உனக்கும் தெரியும்.

போனில் பேசினால் எனக்குக் கோபம் வரும், பாதியில் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அம்மா போட்டோ எடுத்து அனுப்புவாள்.

நம் தெருவில் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டது இன்னும் அப்படியே கிடக்கிறது. வண்டியை முக்கில் நிறுத்திவிட்டு நடந்துதான் வீட்டுக்கு வருகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

செவ்வாய்க்கிழமை அருள்பாண்டி வந்திருந்தான். ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறதாம். சம்பளம் முன்னைவிடக் குறைவுதான். ஒத்தக்கடை வீட்டைக் காலி செய்துவிட்டு அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறான். பங்காளி மகன் என்று பார்க்காமல், மற்றவர்களைப் போலக் கேள்வி கேட்டுத்தான் அவனை எங்கள் கம்பெனிக்கு எடுத்தேன் என்று நீ சொன்னபோது எனக்கு அம்புட்டுப் பெருமையாக இருந்தது. எங்களுக்கு இந்தியாவில் ஆபீஸ் கிடையாது, அதனால் மதுரைப் பிள்ளைகளைச் சென்னைக் கம்பெனி ஒன்றின் பெயரில் வேலைக்கு வைத்திருக்கிறோம், அவர்கள் நம் ஊர்ச் சட்டப்படி சம்பளமும் பி.எஃப்.பும் போடுவார்கள் என்று நீ விளக்கினாய். எனக்குப் பாதிதான் புரிந்தது. பி.எஃப். என்று காதில் விழுந்ததும் நிரந்தர வேலை என்று எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் புத்தி அப்படி.

அந்தப் புத்தியோடுதான் ஐப்பசியில் அவன் நிச்சயதார்த்தத்துக்கு உசிலம்பட்டி போனேன். அவனுக்கு அப்பா இல்லாததால் அந்த இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். பெண்ணின் அப்பா அழகுபாண்டி நல்ல மனுஷன், விவரமாகக் கேட்டார். "வெளிநாட்டுக் கம்பெனின்னு சொல்றீக மச்சான், நாளைக்கு வேணாமுன்னு சொல்லிட்டா என்ன செய்யிறது?" என்றார். என் மகள் வேலை பார்க்கிற கம்பெனி, அதற்கு நான் பொறுப்பு என்று சபையில் சொன்னேன். அதற்குப் பிறகுதான் தாம்பூலம் மாற்றினோம்.

நீ வீடியோவில் வந்தாய். பெண் முத்துமீனாவை நல்லா இரு என்று வாழ்த்தினாய். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு என்னைத் தனியாகப் போகச் சொன்னாய். "தை மாசமே கல்யாணம் வைக்கணுமாப்பா? சித்திரை வரைக்கும் பொறுத்தா என்ன?" என்று கேட்டாய். உனக்கு லீவு கிடைக்காது போல, அதற்காகக் கேட்கிறாய் என்று நினைத்தேன். நீ வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் நடத்திக்கொள்கிறோம் என்றேன். ஏன் கேட்கிறாய் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. பந்தியில் இலை போட்டுவிட்டார்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

அடுத்த வாரம் மதுரைப் பிள்ளைகள் எல்லாருக்கும் வேலையை விட்டு நிறுத்துவதாக ஒரு மாத நோட்டீஸ் வந்தது. உனக்கு முன்னமே தெரியுமா என்று போனில் கேட்டேன். "தெரியும்ப்பா. வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருந்தாங்க" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். அதற்கு மேல் நீ என்ன சொல்ல வந்தாய் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

உன்னிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அழகுபாண்டி நம் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார். "வேலை இன்னைக்குப் போகும், நாளைக்கு வரும். அதைக் கேக்க நான் வரல மச்சான். சபையில நீங்க பொறுப்புன்னு சொன்னப்ப, இது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். நம்பினார். பிறகு, "உங்க பிள்ளைக்கு?" என்றார்.

உனக்கும் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கல்யாணம் நடந்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை. தெரியும், ஆனால் சொல்லக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்றேன். "பெத்த அப்பன்கிட்டகூடவா?" என்று கேட்டுவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார். அம்மா கொண்டுவந்த காப்பி அப்படியே இருந்தது. மறுநாள் நிச்சயச் சேலையும் மோதிரமும் திரும்பி வந்தன. முத்துமீனாவுக்கு வேறு இடத்தில் பேசி, அதே தை முகூர்த்தத்தில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள்.

உன்மேல் பழியைப் போட்டுவிட்டேனோ என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். பொய் சொல்லியிருந்தாலும் தூங்கியிருக்க மாட்டேன், சொல்லாமல்விட்டும் தூங்கவில்லை.

அருள்பாண்டி அன்றைக்கு வந்தபோது உன்னைப் பற்றி ஏதாவது குறை சொல்வான், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று இருந்தேன். அவன் சொல்லவில்லை. "சட்டப்படி வர வேண்டியது எல்லாம் வந்துருச்சு பெரியப்பா. ஒரு குறை சொல்ல முடியாது" என்றான். குறை இருந்தால்கூடச் சண்டை போட்டு ஆற்றிக்கொள்ளலாம். எங்கள் டிப்போவில் ஒருத்தரை நிறுத்த வேண்டும் என்றால் மெமோ கொடுக்க வேண்டும், விசாரணை வைக்க வேண்டும், சங்கத்துக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். இவன் யார் வாசலில் போய் நிற்பான்? வேலை கொடுத்தது ஒரு நாடு, கணக்கு முடித்தது ஒரு ஊர், வேலை பார்த்தது ஒத்தக்கடையில்.

அவன் இன்னொன்றும் சொன்னான். உங்கள் ஊரில் ஒருத்தரை வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்றால் அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டுமாம், அங்கே உள்ளவர்களுக்குக் கொடுக்கிற அவகாசத்தை மதுரைப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள் என்று நீ மீட்டிங்கில் மன்றாடினாயாம். இந்தியச் சட்டம் எம்புட்டுச் சொல்கிறதோ அம்புட்டுச் செய்தால் போதும் என்று உன் வாயை அடைத்துவிட்டார்களாம். கூட வேலை பார்த்த யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். "அக்கா அன்னைக்கு அழுதுருச்சாம் பெரியப்பா" என்றான்.

அதை அவன் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நான் போனை வைக்காமல் இருந்திருந்தால் நீயே சொல்லியிருப்பாய்.

சொல்லியிருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், மறைக்க மாட்டேன். சொல்லியிருந்தால் உன் வேலை போயிருக்கும் என்று அருள்பாண்டி சொல்கிறான். அப்படியானால் நான் உன்னை என்ன செய்யச் சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். விடை தெரியவில்லை. எனக்கே தெரியாத ஒன்றை உன்னிடம் எப்படி எதிர்பார்த்தேன் என்றும் தெரியவில்லை.

அவன் உன்னைப் பலமுறை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான், நீ எடுக்கவில்லையாம். திட்டுவதற்காகக் கூப்பிடவில்லை என்று உன்னிடம் சொல்லச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்குக் கிளம்புகிறான். அதற்குள் ஒரு தடவை அவனிடம் பேசிவிடம்மா.

உடம்பைப் பார்த்துக்கொள். தலையை மூடாமல் வெளியே போகாதே. நம் குலசாமி உனக்குத் துணையாக இருக்கும்.

அவனிடம் பேசி முடித்த பிறகு, உனக்கு நேரம் இருந்தால், எனக்கும் ஒரு தடவை கூப்பிடு. அம்மா நம்பருக்கு வேண்டாம், என் நம்பருக்கு.

உன் நலமே நினைக்கும் அப்பா,
விருமாண்டி